வால்வு எவ்வளவு ஒழுகுகிறது?

காவலூர் என்றதும் எல்லோருக்கும் தொலைநோக்கிதான் ஞாபகத்துக்கு வரும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வந்து, ஜவ்வாது மலைச் சாலையில் ஏறினால் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நான் போனது அதற்காக அல்ல. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சனிக்கிழமை இதய நோய் முகாம் நடப்பதாக, கீழே இருந்து வரும் மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். "ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்டுக்கு வால்வு லீக் எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்றோம்னு எழுதணுமா? பெரிய ஆஸ்பத்திரிக்கு வராதீங்க, இங்க வாங்க. அங்க மெஷினே பாதி வேலையை முடிச்சிடும். இங்க நாங்க உக்காந்து யோசிக்கணும்" என்றார்.

ஜன்னல்களில் போர்வை கட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து மேலே மெத்தை. பக்கத்து மேசையில், இதயத்தை ஒலியால் பார்க்கும் எக்கோ கருவி, மடிக்கணினி அளவுக்கு. ஜெல் பாட்டில், பிரஷர் கருவி, எடை பார்க்கும் இயந்திரம், அவ்வளவுதான். வெளியே புளியமரத்து நிழலில் காத்திருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு துணிக்கடைப் பை. உள்ளே பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரை அட்டைகள், பஸ் டிக்கெட்டுகூட இருந்தது.

முதலில் வந்தவர் ஐம்பது தாண்டியவர். சாமை விதைக்கிறவர், நாலு மாடு வைத்திருக்கிறார். போன வருடம் மாரடைப்பு வந்து கீழே ஒரு மருத்துவமனையில் சேர்ந்து பிழைத்தவர்.

"மேட்டுல ஏறினா இளைப்பு எடுக்குது டாக்டரம்மா. ராத்திரி மல்லாந்து படுக்க முடியல, எழுந்து உக்காந்துடறேன்."

"நீர் மாத்திரை போடறீங்களா ஐயா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். மாடு மேய்க்கப் போகிற இடத்தில் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறதாம். மருத்துவர் திட்டவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிறகு தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, கழுத்து ரத்தக்குழாய் எதுவரை புடைத்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். எடை 52 கிலோ, பிரஷர் 120-க்கு 80. இந்த இரண்டையும் எக்கோ தாளின் தலைப்பிலேயே எழுதிவிட்டுத்தான் கருவியைத் தொட்டார். ஏன் என்பது பிற்பாடு புரிந்தது.

ஸ்டெதஸ்கோப்பை என்னிடமும் கொடுத்தார். மார்பின் இடது ஓரத்தில் முதல் துடிப்புக்குப் பின்னால் மெல்லிய 'உஸ்'. சத்தம் சின்னதாக இருக்கிறதே, கசிவும் சின்னதுதானா என்று கேட்டேன். "அப்படி எடுத்துக்க முடியாது. தள்ளுற சக்தியே குறைஞ்ச இதயம் பலமா சத்தம் போடாது. நல்ல இதயத்துல சின்ன லீக் பெருசா கேக்கும். இந்த மாதிரி இதயத்துல பெரிய லீக்கே அடங்கிப்போய்க் கேக்கும்" என்றார்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க ஐயா, இடது கையைத் தலைக்கு மேல வச்சுக்குங்க." ஜெல் தடவிய கருவிமுனை இடது மார்புக்குக் கீழே போய் நின்றது. திரையில் நான்கு அறைகளும் தெரிந்தன. இடது கீழறை நீள்வட்டமாக இருக்க வேண்டியது, பந்து போல உருண்டு கிடந்தது. ஒரு பக்கச் சுவர் அசைந்தது, மற்றொரு பக்கம் பேருக்கு அசைந்தது. பம்பிங் 34 சதவீதம் என்று கணக்கு வந்தது. நல்ல இதயத்தில் இது 55-க்கு மேல் இருக்கும்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மைட்ரல் வால்வு. அதன் இரண்டு இதழ்களும் மெல்லிசாக, தடிப்போ சுண்ணாம்போ இல்லாமல் துடித்தன. ஆனாலும் அவை சேரும் இடத்தில் ஒரு இடுக்கு. இதுதான் இந்த நோயின் சூட்சுமம். வால்வில் பழுது ஒன்றும் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் இதயம் வீங்கிவிட்டது. மழையில் நிலை ஒருபக்கமாகச் சாய்ந்து அகன்ற வீட்டில் கதவு எவ்வளவு நல்ல தேக்காக இருந்தாலும் பொருந்தாது, அந்தக் கதைதான். இதழ்களைக் கீழிருந்து பிடித்திருக்கும் நாண்களும் அவை வேர்விட்ட தசையும், அறை வீங்க வீங்க விலகிப் போய் இதழ்களைக் கீழே இழுக்கின்றன. இப்படி ஒழுகுவதை 'இரண்டாம்நிலைக் கசிவு' என்கிறார்கள். ஒழுகுகிற ரத்தம் திரும்பவும் கீழறைக்கே வருவதால் அறை இன்னும் வீங்கும், வீங்கினால் இன்னும் ஒழுகும்.

ரத்தம் ஓடும் வேகத்தை நிறமாகக் காட்டும் வண்ண டாப்ளரைப் போட்டதும் வால்வுக்குப் பின்னால் நீலமும் மஞ்சளும் கலந்து ஒரு பீச்சல் மேலறைக்குள் பாய்ந்தது. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. மருத்துவர் ஒரு குமிழை லேசாகத் திருப்பினார். பீச்சல் இரட்டிப்பானது. மறுபக்கம் திருப்பினார், மெலிந்து போனது. "பாத்தீங்களா? அவருக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் திருப்பினேன்." வேக அளவுகோலை வினாடிக்கு 50, 60 சென்டிமீட்டர் என்று வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அதைக் குறைத்துவிட்டால் சாதாரணக் கசிவும் பூதமாகத் தெரியும். சுவரை ஒட்டி வளைந்து ஓடும் பீச்சலோ உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். வண்ணப் படத்தைப் பார்த்து 'கடுமையான கசிவு' என்று எழுதிவிடும் ரிப்போர்ட்டுகள் ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அன்று பைகளிலிருந்து வெளிவந்த தாள்களில் பலவற்றில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. எண் இல்லை, பிரஷர் இல்லை. அப்படிப்பட்ட தாளை நம்பி யாரும் பெரிய முடிவு எடுக்கக்கூடாது என்றே எனக்குப் படுகிறது.

பின்னே எப்படி அளப்பது? ரத்தம் அந்த இடுக்கை நெருங்க நெருங்க எல்லாப் பக்கமிருந்தும் வேகமெடுக்கிறது. இடுக்கைச் சுற்றி ஒரே வேகமுள்ள புள்ளிகளைச் சேர்த்தால் அரைக்கோளம் வரும். வேக அளவுகோலை 40 சென்டிமீட்டருக்கு இறக்கினால், ரத்தம் சரியாக அந்த வேகத்தைத் தொடும் இடத்தில் திரையில் நீலம் சட்டென்று மஞ்சளாக மாறுகிறது. அந்த எல்லைக்கும் இடுக்குக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அரைக்கோளத்தின் ஆரம். மருத்துவர் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, இரண்டு புள்ளி வைத்தார். 8 மில்லிமீட்டர். பீச்சலின் உச்ச வேகம் வினாடிக்கு 5 மீட்டர். கணக்குப் போட்டால் துளை 0.32 சதுர சென்டிமீட்டர்.

"இப்ப ஒரு புள்ளியை நகத்தறேன்" என்றார். 7 மில்லிமீட்டர் என்றால் துளை 0.25. 9 மில்லிமீட்டர் என்றால் 0.41. கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததில் ஆளே மாறிப்போகிறார். ஆரத்தை வர்க்கப்படுத்துகிற கணக்கு இது, சின்னப் பிழையும் பெருகிவிடும். போதாக்குறைக்கு, இந்த வகை இடுக்கு வட்டமாக இருப்பதில்லை, பிறை போல நீண்டு கிடக்கும். அரைக்கோளக் கணக்கு அங்கே உண்மையைவிடக் குறைத்தே சொல்லும்.

எந்த எண்ணைக் 'கடுமை' என்பது என்பதிலும் நிபுணர்கள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2014-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி, இரண்டாம்நிலைக் கசிவுக்கு 0.20 இருந்தாலே கடுமை என்றது. 2017-ல் அதைத் திருத்தி, பழையபடி 0.40 என்றார்கள். பெஞ்சில் படுத்திருந்த இந்த மனிதர் 2015-ல் அளக்கப்பட்டிருந்தால் கடுமை, 2018-ல் என்றால் மிதம். அவர் இதயத்துக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது.

ஆகவே மருத்துவர் ஒரே வழியை நம்பவில்லை. கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் மொத்தம் 73 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது, அதில் மகாதமனி வழியாக உடம்புக்குப் போவது 38 மில்லி. மீதி 35 மில்லி பின்னால் திரும்புகிறது. துளைக் கணக்கிலும் 35-ஐ ஒட்டித்தான் வந்தது. இரண்டு வழியும் ஒத்துப்போனதில் அவர் முகத்தில் ஒரு திருப்தி. புத்தகப்படி 60 மில்லி திரும்பினால்தான் கடுமை. ஆனால் மொத்தமே 73 தள்ளுகிற இதயத்தில் 60 எங்கே வரும்? கிட்டத்தட்ட பாதி வீணாகப் போகிறதே, அதைப் பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

பிரஷரை முதலில் எழுதியதற்கான காரணமும் இங்கேதான் வந்தது. 5 மீட்டர் வேகம் என்றால், இரண்டு அறைகளுக்கும் நடுவில் 100 மில்லிமீட்டர் அழுத்த வித்தியாசம். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் கிடைப்பது. கீழறையில் 120, அதில் 100 போனால் மேலறையில் 20. அங்கே 12-க்குள் இருப்பதே நல்லது. 20 இருந்தால் நுரையீரல் ஊறிக்கிடக்கும், மனிதர் மல்லாந்து படுக்க முடியாது. அவர் வந்தவுடன் சொன்ன குறையை, கையில் ஒரு பிரஷர் கருவியும் திரையில் ஒரு வேகமும் வைத்துக்கொண்டு எண்ணாக்கிக் காட்டிவிட்டார். இதே ஆள் 170 பிரஷரோடு வந்திருந்தால் கசிவு இன்னும் கூடித் தெரிந்திருக்கும். மயக்கமருந்து கொடுத்துப் பார்த்தால் குறைந்துபோகும். நேற்றும் இன்றும் ஒரே கசிவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வு. வானாய்வகம் வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் துணைக்கோள் கானிமீடுக்குக் காற்றுமண்டலம் இருப்பதற்கான அறிகுறியையும், 1977-ல் யுரேனஸைச் சுற்றியிருக்கும் வளையங்களின் தடயத்தையும் அதில்தான் பிடித்தார்கள். வெள்ளைக் குவிமாடத்துக்குள் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை வைத்தார்கள். இந்த மலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர். தொலைநோக்கி முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்டில் ம்யூனிக்கில், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு 55 வயதில் காலமானார்.

குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் சொன்னார்: "இவங்களும் நாங்களும் ஒரே ஆளோட சொத்தைத்தான் சாப்பிடறோம்." கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் பிராகில் வாசித்த கட்டுரை, இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றியது. நெருங்கி வரும் ஒளியும் விலகிப் போகும் ஒளியும் நிறம் மாறும் என்றார். அந்தத் தத்துவத்தை வைத்துத்தான் காவலூரில் நிறமாலை எடுத்து ஒரு நட்சத்திரம் என்ன வேகத்தில் நகர்கிறது என்று சொல்கிறார்கள். வகுப்பறையில் ஒளிக்குப் பதில் ஒலி, நட்சத்திரத்துக்குப் பதில் ரத்தச் சிவப்பணு. இதயத்தை ஒலியால் பார்க்கும் வேலையைத் தொடங்கியவர்கள் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரின் இன்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும். வருடம் 1953. கப்பல் பட்டறையில் உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவிதான் அவர்களுக்கு வழிகாட்டியது. எட்லருக்கு அது தேவைப்பட்ட காரணம் சுவாரசியமானது. சுருங்கிய மைட்ரல் வால்வை அறுவை செய்து விரிக்க அனுப்பும் முன், அந்த வால்வு ஒழுகவும் செய்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எழுபது வருடம் கழித்தும் கேள்வி மாறவில்லை.

திரும்பி வந்தபோது எட்லரின் கேள்விக்கே ஆளாக ஒரு பெண் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும், இடுப்பில் குழந்தை. "சின்ன வயசுல மூட்டு மூட்டா வீங்கி காய்ச்சல் வந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்." திரையில் பார்த்ததும் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. காலையில் பார்த்த இதழ்கள் மெல்லியவை. இவருடையவை தடித்து, நுனியில் ஒட்டி, திறக்கும்போது முழங்கால் போல மடங்கின. கசிவும் உண்டு, அடைப்பும் உண்டு. இது வாத இதயநோய். தொண்டைப் புண்ணில் தொடங்கி வால்வில் முடிவது. இங்கே வால்வே நோயாளி. மருந்து கொடுத்து இதயத்தைச் சுருக்கினாலும் வால்வு சரியாகாது. மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, தவறாமல். பலூன் வைத்து விரிக்க முடியுமா, அறுவைதான் வேண்டுமா என்பதைப் பெரிய மருத்துவமனையில் முடிவு செய்ய வேண்டும். அடைப்போடு கசிவும் கூடுதலாக இருந்தால் பலூன் ஆகாது. அவருக்கு அன்றே கடிதம் எழுதினார்கள்.

வேலூர் பகுதி கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகள் 2,29,829 பேரை 2001-02-ல் பரிசோதித்தபோது, ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாக, 0.68 என்ற விகிதத்தில்தான் வாத இதயநோய் இருந்தது. குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. திருவனந்தபுரத்தில் 2013-ல் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரின் பதிவேட்டில் 72 சதவீதத்துக்கு ரத்தக்குழாய் அடைப்பு காரணம், 8 சதவீதத்துக்கு வாத வால்வு நோய். ஆக, நம் ஊரில் எக்கோ பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு ஒழுகுது' என்பதல்ல, 'எதனால ஒழுகுது' என்பதுதான்.

காலையில் வந்தவருக்கு வழி வேறு. வால்வு இதழ்களைக் கிளிப் போட்டுப் பிடிக்கும் சிகிச்சை இப்போது இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய்ப் போடுவது, நெஞ்சைத் திறக்க வேண்டாம். 2018-ல் அடுத்தடுத்து இரண்டு ஆய்வுகள் வந்து மருத்துவ உலகைக் குழப்பின. பிரான்சில் 304 பேரிடம் செய்ததில் ஒரு வருடத்தில் பலன் ஒன்றும் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் செய்ததில் இரண்டு வருடத்தில் கிளிப் போட்டவர்களில் 29 சதவீதமும் போடாதவர்களில் 46 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஒரே கிளிப், இரண்டு தீர்ப்பு. வித்தியாசம் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் என்கிறார்கள். அமெரிக்க ஆய்வில் துளை சராசரி 0.41, இதயம் அவ்வளவாக வீங்கவில்லை. பிரெஞ்சு ஆய்வில் துளை 0.31, இதயமோ மிகவும் வீங்கியது. அதாவது வீக்கத்துக்கு மீறிய கசிவு இருந்தால் கிளிப் உதவுகிறது, வீக்கத்துக்கு ஏற்ற கசிவுதான் என்றால் வீக்கத்தைக் கவனி என்று பலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள். இன்னொன்றும் உண்டு. அமெரிக்க ஆய்வில் மருந்துகளை முழு அளவுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன் பிறகும் கசிவு நிற்கிறது என்று ஒரு குழு ஒப்புக்கொண்டால்தான் சேர்த்தார்கள்.

நம் மனிதரின் கதை மருந்திலேயே நிற்கிறது. நீர் மாத்திரை நின்று ஒரு மாதம், மற்ற மாத்திரைகள் பாதி அளவு. ஊறிப்போன நிலையில் எடுத்த எக்கோ இது. "இதை வச்சு இவருக்குக் கிளிப்பு, ஆபரேஷன்னு பேசினா அது பாவம்" என்றார் மருத்துவர். தாளில் கடுமை என்றும் எழுதவில்லை, மிதம் என்றும் எழுதவில்லை. துளை, திரும்பும் அளவு, பம்பிங், பிரஷர், எடை, கால் வீக்கம், மாத்திரை விட்ட விவரம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, 'மருந்துக்குப் பின், மூன்று மாதத்தில் மறுபடி அளக்கவும்' என்று முடித்தார். நீர் மாத்திரையை மாடு மேய்க்கப் போகும் முன் போடாமல், திரும்பி வந்து மதியம் போடச் சொன்னார். மனைவி முதல் முறையாகச் சிரித்தார். மற்ற மூன்று வகை மாத்திரைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஏற்றினால் கீழறை சுருங்கும், சுருங்கினால் இதழ்கள் மறுபடி நெருங்கலாம். சகுபிட்ரில்-வால்சார்ட்டான் கூட்டு மாத்திரை கொடுத்தவர்களுக்கு வெறும் வால்சார்ட்டான் கொடுத்தவர்களைவிடக் கசிவு கூடுதலாகக் குறைந்ததை 118 பேரிடம் செய்த கொரிய ஆய்வு 2019-ல் காட்டியிருக்கிறது. இசிஜியில் மின்னோட்டம் பிந்துகிறவர்களுக்கு இரண்டு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கரும் கசிவைக் குறைக்கும். இவருக்கு அது தேவைப்படவில்லை.

எனக்கு இதில் ஒரே கவலை அந்த மூன்று மாதம்தான். மலையில் இருக்கிறவர் மறுபடி வர வேண்டும், அதே கருவியோ அதற்கு ஈடானதோ இருக்க வேண்டும், இன்றைய தாள் தொலையாமல் இருக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீட்டுவாசலில் பிரஷர் பார்க்கிற அந்தக் கையிலேயே ஒரு எடை இயந்திரமும் இருந்து, இதயச் செயலிழப்பு உள்ளவரின் எடை இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் சேதி சொல்லும் ஏற்பாடும் இருந்தால், இந்த மலைக்கு அது எந்தக் கிளிப்பையும்விடப் பெரிய உதவி.

உங்கள் வீட்டில் யாருக்காவது பம்பிங் குறைவு, வால்வு லீக் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு செய்யுங்கள். எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், தற்போது உண்மையில் போடுகிற மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள். விட்ட மாத்திரையை மறைக்காதீர்கள். அன்றைய பிரஷரையும் எடையையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வால்வே பழுதா, இதயம் வீங்கியதால் ஒழுகுகிறதா என்று கேளுங்கள். மூச்சு வாங்கி, கால் வீங்கியிருக்கும்போது எடுத்த ஒரே எக்கோவை வைத்து யாராவது வால்வுக்கு நாள் குறித்தால், உயிருக்கு அவசரம் என்று அவர்கள் சொன்னாலொழிய, மருந்து சரியாகக் கொடுத்த பிறகு இன்னொரு முறை அளந்து பார்க்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.